ஹோல் லைற்றில் குருவிக்கூடு, சீலிங்குக்கு மேலே வௌவால்: எதை விடலாம், எதை அடைக்கலாம்?

கேட்கப்பட்டது இதுதான். வெள்ளவத்தையில் ஒரு பழைய ஓட்டு வீடு, வாடகைக்கு இருக்கும் குடும்பம். ஹோலில் தொங்கும் லைற்றின் மேல் கொண்டைக்குருவி கூடு கட்டி 3 முட்டை இட்டிருக்கிறது. பொழுது படும் நேரத்தில் சீலிங்குக்கு மேலே கீச்சுக் கீச்சென்று சத்தம், வௌவாலாக இருக்கலாம் என்று சந்தேகம். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. குருவிக்கூட்டைக் கலைத்தால் பாவம் என்கிறார் அம்மா, வௌவால் வீட்டுக்கு ஆகாது என்பதும் அவர்தான். வீட்டுச் சொந்தக்காரரோ, ஆள் அனுப்பி ஒரே நாளில் புகை போட்டு எல்லாவற்றையும் துரத்திவிடுகிறேன் என்கிறார். நோய் ஏதும் வருமா, என்ன செய்வது?

முதலில் அந்தப் புகை போடும் ஆளை மறித்துவிடுங்கள். பழைய வீட்டுச் சீலிங்குக்கு மேலே காய்ந்த மரம், பழைய வயர், பல வருடத் தூசி எல்லாம் இருக்கும். அங்கே புகை போடுவது நெருப்போடு விளையாடுவது. பறக்கக்கூடிய வௌவால்கள் வெளியே போய்விட்டு நாளைக்கோ மறுநாளோ திரும்பி வரும். பறக்க முடியாத குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும், அப்புறம் அந்த நாற்றத்தோடு நீங்கள்தான் இருக்க வேண்டும். இன்னும் சிலர் நப்தலீன் உருண்டையை மேலே வீசச் சொல்வார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் செய்யவே கூடாது. அதன் ஆவி கீழேயும் இறங்கும். ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். தங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது.

இப்படி வீட்டுக்குள் வந்து குடியேறும் எந்த உயிருக்கும் நான் கேட்பது இரண்டே கேள்வி. உள்ளே இருப்பது யார்? பறக்கத் தெரியாத குஞ்சோ குட்டியோ இப்போது இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் தெரிந்தால் என்ன செய்வது, எப்போது செய்வது என்பது தானாகவே வந்துவிடும். கொழும்பில் நான் பார்த்த அளவில் சங்கடங்களில் பாதி, தவறான கிழமையில் ஓட்டையை அடைத்ததால் வந்தவை.

சரி, கொண்டைக்குருவிக்கு வருவோம். தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு, புல்புல் என்று புத்தகங்களில் இருப்பது இதுதான். இலங்கையில் வீட்டுக்குள் வந்து கூடு கட்டுவதில் இதற்கு நிகராக இன்னொரு பறவை இல்லை. லைற், திரைச்சீலைக் கம்பி, சுவரில் மாட்டிய படத்தின் மேல்விளிம்பு, ஓடாமல் கிடக்கும் ஃபேனின் கிண்ணம் எல்லாம் அதற்குச் சரி. வளவில் மரம் இருக்க இது ஏன் உள்ளே வருகிறது என்று கேட்பார்கள். கொழும்பின் காகங்களை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். மதிலில், வயரில், குப்பைத் தொட்டியில், எங்கும் அவைதான். மரத்தில் கட்டிய கூட்டை ஒரு காகம் கண்டால் முட்டையும் குஞ்சும் மிஞ்சாது. அணிலும் செண்பகமும் வேறு. ஆள் நடமாடும் ஹோலுக்குள் காகம் நுழையத் தயங்கும். ஆகவே அந்தக் குருவி உங்கள் வீட்டைக் காவலாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கணக்கு இப்படிப் போகும். நாளுக்கு ஒன்றாக இரண்டு மூன்று முட்டை. இளஞ்சிவப்பு நிறத்தில் செங்கபிலப் புள்ளிகள் தெளித்தது போல இருக்கும். அடைகாத்துக் குஞ்சு வர இரண்டு கிழமை அளவில் ஆகும். குஞ்சுகள் இறகு முளைத்துக் கூட்டை விட்டு இறங்க இன்னும் இரண்டு கிழமை போதும். முட்டை இப்போதே கிடப்பதால் நீங்கள் பொறுக்க வேண்டியது ஏறத்தாழ ஒரு மாதம்.

அந்த ஒரு மாதத்தில் கவனிக்க வேண்டியவை சில. கூடு இருக்கும் லைற்றைப் போடாதீர்கள், சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், வருபவர்கள் கை மறந்து போட்டுவிடுவார்கள். ஹோல் ஃபேனையும் நிறுத்தத்தான் வேண்டும். மார்ச், ஏப்ரல் வெக்கையில் இது லேசான காரியம் இல்லை என்று தெரியும். நிற்கும் ஃபேன் ஒன்றைத் தாழ்வாக வைத்துச் சமாளியுங்கள். குருவி உள்ளே வரும் வழி எது என்று பார்த்து, விடிந்தது முதல் பொழுது படும் வரை அது திறந்திருக்கும்படி வையுங்கள். இதைத்தான் அதிகம் பேர் தவற விடுகிறார்கள். காலையில் எல்லா யன்னலையும் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். குஞ்சு பொரித்த பிறகு அப்படி ஒரு பகல் பூட்டிக் கிடந்தால் குஞ்சுகள் பசியில் போய்விடும், தாயும் தகப்பனும் வெளியே கம்பியில் நின்று கத்திக்கொண்டிருக்கும். யன்னலைத் திறந்துவிட்டுப் போகப் பயமாக இருந்தால், கதவுக்கு மேலே உள்ள காற்றுவழியில் கை அகல இடைவெளி விட்டாலும் போதும், இரண்டு மூன்று நாளில் அந்த வழியைப் பழகிக்கொள்ளும்.

அழுக்கு பெரிதாக இருக்காது. குஞ்சு எச்சமிடும்போது அது வழவழப்பான வெள்ளைச் சவ்வுக்குள் சிறு பொட்டலமாக வரும். தீனி கொடுக்க வந்த தாய் அலகில் அதை வாங்கிக்கொண்டு வெளியே போகும், குஞ்சு மிகச் சிறியதாக இருந்தால் அங்கேயே விழுங்கியும் விடும். கூட்டுக்கு நேர் கீழே நின்று பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் இது உங்கள் கண்ணில் படும். கடைசி நாட்களில்தான் கொஞ்சம் கீழே விழும், பழைய பேப்பர் விரித்துவிடுங்கள். குழந்தையின் தொட்டிலையும் விளையாட்டுப் பாயையும் அந்த இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

குஞ்சுகள் போன பிறகு கூட்டை எடுத்துவிடுங்கள், விட்டு வைக்க வேண்டாம். இதில் அம்மாவோடு கொஞ்சம் பேச வேண்டி வரலாம். காரணம் உண்ணி. குஞ்சுகளின் இரத்தத்தைக் குடித்து வளரும் மிகச் சிறிய உண்ணிகள் கூட்டுக்குள் இருக்கும், குஞ்சுகள் போனதும் அவை வேறு உடம்பு தேடிக் கீழே இறங்கும். பெரியவர்களுக்குச் சொறி வரும், குழந்தைக்கு இன்னும் தொல்லை. கையுறை போட்டு, கூட்டை அப்படியே ஒரு பைக்குள் இறக்கிக் கட்டி வெளியே போடுங்கள், லைற்றை ஈரத்துணியால் துடையுங்கள். அடுத்த முறை வேண்டாம் என்றால், ஈர்க்கும் வேருமாகக் கொண்டுவரத் தொடங்கும் முதல் நாளே அகற்றுங்கள். முட்டை இடுமுன் கலைத்தால் அது வேறு இடம் பார்க்கும். முட்டை விழுந்த பிறகு அந்த வழி இல்லை.

இனி வௌவால். கொழும்பு ஆட்கள் வௌவால் என்றதும் விகாரமகாதேவிப் பூங்காவில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னிகளை நினைப்பார்கள். அவை மரத்தில்தான் தங்கும், உங்கள் சீலிங்குக்கு வராது. இலங்கையில் முப்பது அளவு வௌவால் இனங்கள் உண்டு, அவற்றில் அதிகமானவை பூச்சி தின்னும் சிறியவை. ஓட்டு வீட்டுக்குள் இருப்பது அநேகமாக இவற்றில் ஒன்று. சில இனங்கள் உடம்பு பெருவிரல் நீளம்தான், விரல் நுழையும் இடைவெளி கிடைத்தால் புகுந்துவிடும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே, பீலிப் பலகைக்குப் பின்னால், முகட்டு ஓட்டின் சாந்து விழுந்த இடத்தில் இப்படிப்பட்ட இடைவெளி இல்லாத பழைய வீடு வெள்ளவத்தையில் இல்லை.

வௌவால்தானா என்று உறுதிப்படுத்த மேலே ஏறத் தேவையில்லை. முதலில் எச்சம். சீலிங் விளிம்பிலோ வெளிச்சுவரின் அடியிலோ கறுப்பாக, அரிசி அளவில் கிடப்பதை ஒரு கடதாசியில் எடுத்து, இன்னொரு கடதாசியால் அழுத்திப் பாருங்கள். எலியின் எச்சம் காய்ந்தால் கல் போல இறுகும். பல்லியின் எச்சத்தில் ஒரு நுனி வெள்ளையாக இருக்கும். வௌவாலின் எச்சம் உடனே பொடியாக உதிரும், அந்தப் பொடியில் மினுமினுவென்று துணுக்குகள் தெரியும், தின்ற வண்டுகளின் ஓடும் இறக்கையும் அவை. இரண்டாவது, வாசலைக் கண்டுபிடிப்பது. சூரியன் மறையும் நேரத்தில் வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, வானம் பின்னணியாகத் தெரியும்படி கூரை விளிம்பைப் பாருங்கள். அரை மணிக்குள் ஒவ்வொன்றாக விழுந்து பறப்பது தெரியும். ஒரு பக்கத்தை நீங்களும் மறுபக்கத்தை இன்னொருவரும் பார்த்தால் நல்லது. எந்த இடைவெளியால் வருகின்றன, எத்தனை வருகின்றன என்று எழுதி வையுங்கள். எண்ணாமல் அடைக்கத் தொடங்கினால், உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று பிறகு அறிய வழியில்லை.

பெரியவை வெளியே போய் முடிந்ததும் வீட்டுக்குள் வந்து, எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டுச் சீலிங்குக்குக் காது கொடுங்கள். மெல்லிய கீச்சொலி தொடர்ந்து கேட்டால் குட்டிகள் மேலே இருக்கின்றன. அப்படியென்றால் சில கிழமை பொறுத்து மறுபடி இதே சோதனையைச் செய்யுங்கள். கேட்காவிட்டால் வேலையைத் தொடங்கலாம்.

வேலை இதுதான். அவை வெளியேறும் முக்கியமான இடைவெளியை விட்டு, மற்ற எல்லா இடைவெளிகளையும் முதலில் அடையுங்கள். முக்கியமான வாசலுக்கு மேலே நுண்ணிய பிளாஸ்டிக் வலைத் துண்டு ஒன்றை மேல் விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மட்டும் ஆணியடித்து, கீழ்ப்பக்கம் திறந்து தளர்வாகத் தொங்கும்படி விடுங்கள். வாசலுக்குக் கீழே இரண்டு அடியாவது வலை இறங்க வேண்டும். உள்ளே இருப்பது வலைக்கும் சுவருக்கும் இடையில் தவழ்ந்து கீழே இறங்கிப் பறந்துவிடும். திரும்பி வரும்போது பழைய வாசலை நோக்கி நேரே வந்து வலையில் முட்டும், கீழே சுற்றி ஏற வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. ஒரு கிழமை அப்படியே விடுங்கள். மழை பெய்யும் இரவில் சில வெளியே போகாமல் இருந்துவிடும், ஆகவே மழை விட்ட இரவுகளைக் கணக்கில் எடுங்கள். பிறகு மாலையில் மறுபடி உட்கார்ந்து பார்த்து, ஒன்றும் வரவில்லை என்றால் வலையை எடுத்துவிட்டு மேசன் பாஸைக் கூப்பிட்டு நிரந்தரமாக அடையுங்கள். கூரை அஸ்பெஸ்டோஸ் சீற் என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி வௌவாலை விடப் பல மடங்கு ஆபத்து.

அடைக்கத்தான் வேண்டுமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீலிங்கில் ஓட்டை இல்லை, எச்சம் கீழே கொட்டவில்லை, நாற்றம் இல்லை என்றால் பத்துப் பன்னிரண்டு வௌவாலோடு ஒரு வீடு காலம் தள்ளலாம். இரவு முழுக்க அவை அந்தும் வண்டும் நுளம்பும் தின்கின்றன. ஆனால் வௌவால் இருந்தால் டெங்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, வௌவால் பறப்பது இரவில். பீலியில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது எப்போதும் உங்கள் வேலைதான். குழந்தை தூங்கும் அறைக்கு நேர் மேலே தங்குகின்றன, அந்தச் சீலிங் பலகையில் இடைவெளி இருக்கிறது என்றால் நான் தயங்காமல் அடைக்கச் சொல்வேன்.

காரணம் நோய். இதைப் பயமுறுத்தாமல், மழுப்பாமல் சொல்ல வேண்டும். பேராதனைப் பக்கம் பழந்தின்னி வௌவால்களில், விசர்நாய்க்கடி வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புது வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டு 2016இல் அறிவிக்கப்பட்டது. கண்டெடுத்த இடத்தின் பெயரையே வைத்துக் கன்னொறுவ வைரஸ் என்கிறார்கள். அது உங்கள் சீலிங்கில் இருக்கும் சிறிய இனத்தில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆனால் எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடக்கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். கடித்தாலோ கீறினாலோ, ஊசிமுனை அளவுக் காயமானாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். உங்களுக்குக் கிட்ட களுபோவில, குழந்தை என்றால் பொரளை ரிட்ஜ்வே. தடுப்பூசி இலவசம். குழந்தை தூங்கிய அறையில் காலையில் வௌவால் ஒன்று கிடந்தால், காயம் தெரியாவிட்டாலும் டொக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். அதன் பல் அவ்வளவு சிறியது.

அறைக்குள் வௌவால் பறந்து வந்துவிட்டால் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். ஃபேனை நிறுத்தி, உள்கதவைச் சாத்தி, வெளி யன்னலை அகலத் திறந்து, லைற்றை அணைத்துவிட்டு வெளியே போங்கள். கொஞ்ச நேரத்தில் போய்விடும். தரையில் விழுந்து கிடந்தால் பெரும்பாலானவற்றால் அங்கிருந்து எழும்பிப் பறக்க முடியாது. தடித்த துணியால் மூடி, ஒரு பெட்டியில் எடுத்து, மரத்தின் உயரமான பட்டையில் அல்லது மதிலின் மேல் விட்டால் அங்கிருந்து விழுந்து பறக்கும்.

எச்சத்தைப் பொறுத்தவரை, காய்ந்ததைக் கூட்டித் தூசி கிளப்புவதுதான் தவறு. வௌவால் எச்சத்திலும் புறா எச்சத்திலும் வளரும் பூஞ்சைகள் அந்தத் தூசியோடு நுரையீரலுக்குள் போகும். ஆஸ்துமாக்காரரும் முதியவரும் குழந்தையும் அந்த நேரம் வீட்டில் இருக்கக் கூடாது. மாஸ்க், கையுறை போட்டு, தண்ணீரில் கலந்த பிளீச்சைத் தெளித்து நன்றாக ஊறவிட்டு, ஈரமாகவே வழித்து எடுங்கள்.

இன்னொரு வகை வௌவால் தொல்லை உண்டு, கேள்வியில் இல்லாவிட்டாலும் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் அடிக்கடி கேட்பது. காலையில் எழும்பினால் போர்ட்டிக்கோவின் வெள்ளைச் சுவரில் பழுப்புக் கறை, தரையில் சப்பிப் போட்ட ஜாம்பழச் சக்கை, கொட்டம்பா என்று சொல்லும் நாட்டு வாதுமையின் கொட்டை. இது குறுமூக்குப் பழ வௌவால். உங்கள் போர்ட்டிக்கோவில் அது குடியிருப்பதில்லை, மரத்தில் பறித்த பழத்தைக் கொண்டுவந்து தொங்கித் தின்னும் இடம் அது. பகலில் தென்னை ஓலைக்கு அடியிலோ நெட்டிலிங்க மரத்துக்குள்ளோ தூங்கும். இதற்குக் குட்டி பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, இன்றைக்கே மறிக்கலாம். அது பிடித்துத் தொங்கும் கொக்கியை, வயரை, கரடுமுரடான சாந்து விளிம்பை அகற்றுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில் வலை அடியுங்கள், அல்லது துணிக்கீலங்களை நெருக்கமாகத் தொங்கவிடுங்கள். இரவில் பளிச்சென்ற லைற் எரிந்தாலும் பல வௌவால்கள் விலகும். கறையை அன்று காலையே கழுவினால் போகும், காய்ந்தால் பெயின்ட்தான். மரத்தை மட்டும் தறிக்காதீர்கள். பக்கத்து வளவில் இன்னொரு ஜாம் மரம் இருக்கும் வரை அதனால் பயன் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசி பொருத்த உடைத்து மூடாமல் விட்ட குழாய் ஓட்டையில் மைனாவும் குண்டுகரிச்சானும் கூடு வைக்கும். தீனி எடுத்துப் போவது தெரிந்தால் அது நிற்கும் வரை விட்டு, பிறகு சீமெந்தால் அடையுங்கள். பல்கனிப் பூச்சாடியில் புள்ளிப்புறா இரண்டே முட்டை இடும். ஒரு மாதம் அந்தச் சாடிக்கு ஓரமாகத் தண்ணீர் விட்டால் காரியம் முடிந்தது. வயரில் அல்லது கொடிக்கயிற்றில் சிலந்திவலையும் சருகும் சேர்ந்து தொங்கும் பை போன்றது தேன்சிட்டின் கூடு, குப்பை என்று பிய்த்துவிடாதீர்கள், பக்கத்தில் சிறு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். நகரத்துக்கு வெளியே போகப் போக, கூரைக்கு அடியில் சேற்று உருண்டைகளால் சுரைக்குடுவை வடிவில் கட்டிய கூட்டையும் காணலாம். வயிறு முழுக்கச் செம்பழுப்பான இலங்கைத் தகைவிலான் அது, இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதை என் வீட்டில் கண்டால் ஒருபோதும் கலைக்கமாட்டேன்.

மாடப்புறாவிடம் மட்டும் எனக்கு இந்தத் தயவு குறைவு. தொடர்மாடிகளில் ஏசிப் பெட்டிக்குப் பின்னால் வருடம் முழுக்க முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், ஒரு குஞ்சுச் சோடி பறக்குமுன் அடுத்த முட்டை வந்துவிடும். குஞ்சு இல்லாத நாள் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். ஆகவே குச்சி மட்டும் கிடக்கும் கட்டத்திலேயே எடுத்து, பல்கனிக்கு இறுக்கமாக வலை கட்டுங்கள். தளர்ந்த வலையில் புறா சிக்கித் தொங்கிச் சாவதைக் கொழும்பில் பல கட்டடங்களில் காணலாம், அது கட்டியவரின் பிழை. கீழ்மாடியில் ஒருவர் தினமும் அரிசி போட்டுக்கொண்டிருக்கும் வரை மேல்மாடி வலை எதற்கும் காணாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கூகைக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் அநியாயத்துக்கு ஆளாவது இதுதான். முகம் வெள்ளையாக இதய வடிவில் இருக்கும் ஆந்தை. கொழும்பின் பழைய கட்டடங்களில், சீலிங்குக்கு மேலே, தண்ணீர்த் தாங்கி அறைகளில் குஞ்சு பொரிக்கிறது. இரவில் மேலே யாரோ கனமாகக் குறட்டை விடுவது போல, சீறுவது போலச் சத்தம் கேட்டால் வீட்டார் பேய் என்பார்கள், சாவுக்குறி என்பார்கள். அது பசித்த குஞ்சுகள் தீனி கேட்கும் சத்தம். முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குவதால் ஒரே கூட்டில் குஞ்சுகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டு போகும். கீழே விழுந்து கிடக்கும் சாம்பல் நிற உருண்டையைப் பிரித்துப் பாருங்கள், எலியின் மண்டையோடும் தாடையும் மயிருமாக இருக்கும். ஒரு கூகைச் சோடி குஞ்சு வளர்க்கும் இரண்டு மாதத்தில் பிடிக்கும் எலியின் அளவு, கடையில் வாங்கும் எந்த மருந்தாலும் வராது. அந்த மருந்தைத் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். ஆகவே கூகை இருக்கும் வீட்டில், பக்கத்து வீட்டிலும், எலி மருந்து வைக்காதீர்கள். பொறி வையுங்கள்.

எந்தக் குஞ்சாவது கீழே விழுந்தால், கூடு தெரிந்தால் தூக்கி அதிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். கூடு எட்டாவிட்டால் சிறு கூடையொன்றில் சருகு போட்டுப் பக்கத்தில் உயரமாகத் தொங்கவிடுங்கள், தாய் சத்தத்தைக் கேட்டு வரும். இறகு முளைத்து, வால் மட்டும் கட்டையாக, தத்தித் தத்தித் திரியும் குஞ்சு விழுந்த குஞ்சு அல்ல, கூட்டை விட்டு இறங்கியது. பூனையையும் காகத்தையும் ஒரு நாள் விரட்டினால் போதும். பாலும் பாணும் பிஸ்கற்றும் ஊட்டுவதும், அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதும் அதைக் கொல்லும் வழி. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள்தான் போகும்.

சட்டத்தையும் சொந்தக்காரரிடம் சொல்லி வையுங்கள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இலங்கையின் பெரும்பாலான பறவைகள் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் முட்டையை எடுப்பதும் கூட்டை அழிப்பதும் குற்றம். காயப்பட்ட பறவைக்கு, கூகைக் குஞ்சுக்கு எல்லாம் பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுக்கலாம். பறவை எது என்று தெரியாவிட்டால் ஒரு படம் எடுத்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவிடம் கேட்கலாம்.

சொந்தக்காரருக்கு ஒரு சமரசமும் இருக்கிறது. குருவி போக ஒரு மாதம், வௌவாலுக்கு வலை கட்டி இன்னொரு கிழமை. மே மாதத்தில் தென்மேல் பருவமழை பிடிப்பதற்குள் இரண்டும் முடிந்தால், கூரையின் இடைவெளிகளை அவர் எப்படியும் செய்ய வேண்டிய ஒழுக்குத் திருத்தத்தோடு சேர்த்து அடைக்கலாம், தனிச் செலவு இல்லை. அந்த மேசன் பாஸ் வந்திருக்கும் போதே கூரைக்கு அடியில், மழைச்சாரல் அடிக்காத பக்கத்தில், பத்தடி உயரத்தில் ஒரு மண்முட்டியைக் கட்டச் சொல்லுங்கள். வாய் இரண்டு விரல் அகலம், ஒன்றேகால் அங்குலம் போதும், அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். சிட்டுக்குருவி கொழும்பில் அருகிப்போன பறவை, புதுக் கண்ணாடிக் கட்டடங்களில் அதற்கு ஒரு பொந்தும் இல்லை. உங்கள் தெருவில் இன்னும் ஒரு சோடி இருக்கிறதா என்று காலையில் கடை வாசல்களில் பாருங்கள். இருந்தால் முட்டிக்கு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.